நடப்பவர் மொழி

தொழில் செய்யும் கைகளுக்கென்று ஒரு மொழி உண்டு. எங்கள் வரதராஜன்பேட்டைப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் இடத்தில் சற்று நேரம் அமர்ந்தால் முழுப்பருப்பு, பாதிப்பருப்பு, குருணை என்று தரம் பிரிக்கும் சொற்கள் காதில் விழும். தறிக்காரருக்கு ஒரு மொழி, தச்சருக்கு ஒரு மொழி, கடலோடிகளுக்கு ஒரு மொழி. அவ்வாறே கால்களுக்கும் ஒரு மொழி உண்டு. நெடுவழி நடப்பவர்களும் மலை ஏறுபவர்களும் பனியில் சறுக்குபவர்களும் தமக்குள் வழங்கும் சொற்களையே அப்படிச் சொல்கிறேன். அச்சொற்களைக் கேட்கக் கேட்க எனக்குள் ஓர் எண்ணம் வலுத்து வந்தது. அதனைத் தோழர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

எங்கள் ஊரில் மலை கிடையாது. செம்மண் நிலமும் முந்திரித் தோப்புமே கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஆனால் நடைக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8 அன்று மாதா பிறந்தநாள் பெருவிழா. அந்த நாட்களையொட்டி எங்கள் பகுதியிலிருந்து காவி உடுத்திக் கூட்டங்கூட்டமாகப் புறப்படுவார்கள். ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம் கடந்து, 1836 இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை நிற்கும் அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி, கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நடை. என் அம்மாயியோடு நானும் அவ்வழியில் நடந்திருக்கிறேன்.

புறப்படும்போதே அம்மாயி சொல்லுவது, "பொடிநடையா வா" என்பதுதான். பொடிநடை என்றால் மெல்ல நடப்பது என்று அகராதி பொருள் சொல்லும். நடப்பவர்களுக்கு அது வெறும் பொருளன்று, ஒரு சட்டம். முதல் நாள் எட்டிப் போட்டு நடந்தவனுக்கு இரண்டாம் நாள் உள்ளங்காலில் கொப்புளம் வரும். மூன்றாம் நாள் இரவு படுத்த பிறகு கெண்டைக்காலில் கொரக்களி பிடித்து இழுக்கும். "கால் பழகணும்" என்பது இன்னொரு சொல். ஆள் பழக வேண்டும் என்று சொல்லவில்லை பாருங்கள். கால்தான் பழக வேண்டும். மனம் முதல் நாளே வேளாங்கண்ணிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். உடன் வர மறுப்பது கால்தானே!

தூரத்தை அளக்கும் சொற்களைக் கவனியுங்கள். கண் அளப்பது கண்ணுக்கெட்டிய தூரம். கை அளப்பது கல்லெறி தூரம். குரல் அளப்பது கூப்பிடு தூரம். மைலுக்கு எங்கள் முதியவர்கள் இன்றும் சொல்லும் சொல் 'கல்'. சாலையோரக் கல்லே அளவாகிவிட்டது. "இன்னும் ரெண்டு கல்லு" என்பார்கள். உடம்பையே கோலாக்கி உலகை அளந்த மக்களின் சொற்கள் இவை.

ஆனால் நடப்பவர் வாயில் வரும் மிக அழகான அளவு வேறொன்று. வழியில் யாரைக் கேட்டாலும், "தோ, கிட்டத்துலதான்" என்பார்கள். அந்தக் 'கிட்டம்' சில வேளை ஒரு மணி நேர நடையாக இருக்கும். ஒருமுறை அம்மாயியிடம், "ஏன் இப்படிப் பொய் சொல்றாங்க?" என்று கேட்டேன். "அது பொய்யில்லடா தம்பி. தூரத்தைச் சொன்னா நீ உக்காந்துடுவ" என்றார். ஆங்கிலத்தில் மலையேறுபவர்கள் 'ஃபால்ஸ் சம்மிட்' என்று ஒன்றைச் சொல்லுவார்கள். பொய் உச்சி என்று கொள்ளலாம். இதுதான் முடி என்று மூச்சு வாங்க ஏறி நின்றால் அதற்கப்பால் இன்னொரு முடி நிமிர்ந்து நிற்கும். அங்கே மலை பொய் சொல்கிறது, நடப்பவன் சோர்கிறான். இங்கே மனிதர் பொய் சொல்கிறார். நடப்பவன் எழுந்து நடக்கிறான்.

மலைவழிச் சொற்களை நான் கற்றது சபரிமலைக்குப் போய்வரும் நண்பர்களிடம். எருமேலியிலிருந்து புறப்படும் பழைய காட்டுவழிக்குப் பெரிய பாதை என்று பெயர். அழுதா நதியில் ஒரு கல் எடுத்துக்கொண்டு போய்க் கல்லிடும் குன்றில் போடுகிறார்கள். பிறகு கரிமலை ஏற்றம், கரிமலை இறக்கம். மலை ஒன்றுதான், ஆனால் நடப்பவர் கணக்கில் அது இரண்டு. வரைபடத்தில் பார்ப்பவனுக்குக் கரிமலை ஒரு புள்ளி. ஏறுபவனுக்கு மூச்சு தனி, இறங்குபவனுக்கு முழங்கால் தனி. பம்பையைத் தாண்டினால் நீலிமலை, அப்பாச்சிமேடு, சரங்குத்தி. இப்பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு வழி தெரியும். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியலே வரைபடம்.

பனிச்சறுக்குச் சொற்கள் எங்கள் செம்மண் தெருவுக்கு வந்து சேர்ந்த கதை வேறு. ராணுவத்தில் பணியாற்றிய என் சித்தப்பா ஒருவர் காஷ்மீரத்தில் குல்மார்க்கில் பயிற்சி பெற்றவர். உயர்ந்த மலைகளில் போர் புரியவும் பனியில் சறுக்கிச் செல்லவும் வீரர்களுக்குப் பயிற்சி தரும் பள்ளி 1948 முதல் அங்கே நடந்து வருகிறது. விடுமுறையில் வந்தால் அவர் சொல்லும் சொற்களைக் கேட்க நாங்கள் திண்ணையில் கூடிவிடுவோம். 'ஸ்கீ' என்பது நார்வே நாட்டுச் சொல். பிளந்த மரத்துண்டு என்பதே அதன் பழம்பொருள். புதிதாய்ப் பெய்த உலர்ந்த பனிக்குப் 'பவுடர்' என்று பெயர். பலர் சறுக்கிச் சறுக்கி மேடுபள்ளமான இடம் 'மோகல்'. நடக்கும்போது கால் முழங்கால் வரை பனியில் புதைந்து புதைந்து வருவதைப் 'போஸ்ட்ஹோலிங்' என்பார்களாம். கம்பம் நடத் தோண்டிய குழிகள்போல் காலடிகள் தெரிவதால் அப்பெயர்.

புதியவனுக்கு முதலில் கற்றுத்தருவது 'ஸ்னோ ப்ளவ்'. இரு சறுக்குப் பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்னால் அகட்டி வைத்தால் வேகம் குறையும். பனியை ஒதுக்கித் தள்ளும் கலப்பை போன்ற கருவியின் வடிவம் அது. "ஏர் பிடிச்ச வீட்டுப் பிள்ளைக்கு அது ஒண்ணுதான் உடனே புரிஞ்சுது" என்று சித்தப்பா சிரிப்பார். புதியவர்கள் பழகும் சிறு சரிவுக்குப் 'பன்னி ஸ்லோப்' என்று பெயர். நம் ஊர்ப் 'பன்னி' அன்று. முயலைக் கொஞ்சும் ஆங்கிலச் சொல். அதைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒருவன் உருண்டு விழுந்து, பலகை ஒரு பக்கம், கோல் ஒரு பக்கம், குல்லாய் ஒரு பக்கமாகச் சிதறினால் அதற்கு 'யார்டு சேல்' என்று பெயர். வீட்டுப் பழம்பொருள்களை முற்றத்தில் பரப்பி விற்பதை மேல்நாட்டார் அப்படி அழைப்பார்கள். வேடிக்கையான உவமைதான். விழுந்தவனும் சேர்ந்து சிரித்தால் வலி பாதியாகும்.

ஆனால் அங்கே இன்னொரு சொல்லும் உண்டு. வழக்கம் தெரியாமல் வந்து, வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்கும் புதியவனைக் 'கேப்பர்' என்று ஏளனம் செய்வார்கள். வாய் பிளந்தவன் என்பது பொருள். இந்தச் சொல்லைக் கேட்ட அன்றுதான் என் எண்ணம் உருப்பெற்றது. நடப்பவர் மொழியில் எத்தனையோ சொற்கள் இருக்கலாம். அவற்றுள் உரைகல் ஒன்றே ஒன்றுதான்: முதன்முதலாக வருபவனுக்கு அந்தக் கூட்டம் என்ன பெயர் வைத்திருக்கிறது?

சபரிமலைக்கு முதன்முதலாகச் செல்பவருக்குக் கன்னிசாமி என்று பெயர். வயது அறுபது ஆனாலும் முதல் முறை என்றால் கன்னிசாமிதான். அவருக்குக் கேலி இல்லை, கவனிப்பு உண்டு. பலமுறை சென்றுவந்த குருசாமி அவருக்கு இருமுடி கட்டித் தலையில் ஏற்றிவிடுகிறார். கன்னிசாமிகள் சரங்குத்தியில் சரக்கோல் நாட்டுவது வழக்கம். எந்த ஆண்டு கன்னிசாமி ஒருவரும் மலைக்கு வரவில்லையோ அந்த ஆண்டுதான் மாளிகைபுரத்து அம்மனின் திருமணம் நடக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. அம்மன் சரங்குத்தி வரை வந்து, நாட்டிய சரங்களைக் கண்டு திரும்பிவிடுவாளாம். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நான் வியப்பது வேறொன்றை. ஒரு பெரிய கோயிலின் கதையே புதியவனின் வருகையில் தொங்கிக்கொண்டிருக்கிறது!

மேல்நாட்டார் சொற்கள் எல்லாம் ஏளனம், நம்முடையவை எல்லாம் அன்பு என்று நான் வாதிடவில்லை. அமெரிக்காவில் 1937 இல் நிறைவுற்ற அப்பலாச்சியன் நடைபாதை 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்கிறது. அப்பாதையில் நடப்பவர்களுக்குத் தண்ணீரும் உணவும் தந்து உதவும் ஊர்க்காரர்களை 'ட்ரெயில் ஏஞ்சல்', அதாவது பாதையின் வானதூதர், என்று அழைக்கிறார்கள். நம் தண்ணீர்ப்பந்தல்காரரும் மோர்ப்பந்தல்காரரும் அந்த வானதூதரின் உடன்பிறப்புகளே. நம் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒன்று கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமைக்காரர் பிறர் கை எதிர்பாராமல் சுமையை இறக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது பழைய வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளின் பெயரால் பிறர் சுமையை இறக்க ஒரு கல்! இதனினும் பெரிய பேச்சு வேறு உண்டோ?

நடப்பவர் மொழியின் முழுக் கருத்தையும் நம் பழைய நூல் ஒன்றில் கண்டேன். பத்துப்பாட்டில் 583 அடிகளாக அமைந்த மலைபடுகடாம், நன்னன் என்ற தலைவனைக் காணச் செல்லும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்லும் நூல். பெருங்கௌசிகனார் அதைப் பாடினார். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துப் போங்கள். தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் வரும், மரத்தின் பின் ஒதுங்குங்கள். பாசி படிந்த இடம் வழுக்கும், பற்றிக்கொண்டு நடங்கள் என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. அவற்றினூடே ஓர் அறிவுரை. வழிகள் பிரியும் இடத்தில், இந்நிலம் அறியாமல் புதிதாய் வருவோர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறது. தான் வழி தேடிப் போகிறவனுக்கே, உனக்குப் பின்னால் ஒருவன் வருகிறான் என்று நினைவூட்டும் நூல் அது. நடப்பவர் சொற்கள் யாவும் இத்தகைய புல் முடிச்சுகளே. 'பொடிநடை' ஒரு முடிச்சு. 'கரிமலை இறக்கம்' ஒரு முடிச்சு. 'கிட்டத்துலதான்' ஒரு முடிச்சு. 'கேப்பர்' மட்டும் முடிச்சன்று. நான் உனக்கு முந்தி வந்தவன் என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை.

இதனைக் கல்லூரி மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாமும் ஒரு வழியில் நடப்பவர்கள்தாம். ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டு மாணவர்கள் வருகிறார்கள். பலர் தம் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறையினர். முதற்பேருந்தில் ஏறி, இரண்டாம் பேருந்து மாறி, வகுப்பு எங்கே என்று கேட்கத் தயங்கி நிற்கும் அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? 'பட்டிக்காடு' என்ற சொல்லை எந்தக் கல்லூரி வராந்தாவிலும் கேட்கலாம். அதைச் சொல்பவனின் ஊருக்கும் பெரும்பாலும் கடைசிப் பேருந்து மாலை ஏழு மணிக்கே போய்விடும் என்பது வேறு செய்தி! இது சிறு விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. 1996 இல் நம் அண்டை மாவட்டத்தில் ஒரு மருத்துவ மாணவரின் உயிர் ராகிங்கில் பறிபோனது. அதன் பிறகே 1997 இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கும் அச்சட்டம், அடிப்பதை மட்டும் குற்றமாகச் சொல்லவில்லை. கேலி செய்வதையும் திட்டுவதையும் சேர்த்தே சொல்கிறது. கொடுமை கையில் தொடங்குவதில்லை, சொல்லில் தொடங்குகிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

சட்டம் கேலியைத் தடுக்கலாம். நல்ல சொல் ஒன்றைப் படைத்துத் தர அதனால் ஆகாது. அது நம் வேலை. புதியவருக்குக் கன்னிசாமி போல் ஒரு பெயர் நம்மிடம் இல்லாமல் போகலாம். "நூலகம் எங்கே?" என்று கேட்டால் கையை மட்டும் நீட்டாமல், "தோ, கிட்டத்துலதான், வா" என்று இரண்டு எட்டு உடன் நடக்க நமக்குத் தெரியும் அல்லவா? உதவித்தொகைக்கு எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும், பேருந்துச் சலுகை அட்டைக்கு யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் பாடத்தில் கால் வழுக்கும், எதைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும் என்று நாம் பட்டறிந்தவை எத்தனையோ. அவை அனைத்தும் முடியப்படாத புற்கள்.

வருகிற ஆண்டு முதல் நாளன்று நம் தமிழ் மன்றத்தார் வாசலருகே ஒரு மேசை போட்டு, மூத்த மாணவர் இருவரை அமர்த்தினால் நன்று. மேசைமேல் ஒரு குடம் தண்ணீரும் இருக்கட்டும்.