குளத்து வளைவும் அண்ணன் கையும்

நம்ம ஊர் குளத்து வளைவு எல்லோருக்கும் தெரியும். போன மார்கழியில் என் அண்ணன் பைக்கோடு விழுந்து கையை முறித்துக்கொண்டது அங்கேதான். "அங்க முனி இருக்குடா, காவு கேக்குது" என்றார் பாட்டி. அண்ணனோ, "ரோடு சரியில்ல, நான் நாற்பதுலதான் வந்தேன்" என்று அம்மாவிடம் சத்தியமே செய்தான்.

அப்புறம் இயற்பியல் வகுப்பில் சார் வளைவுச் சாலைப் பாடம் நடத்தினார். வண்டி திரும்ப மையநோக்கு விசை வேண்டும். டயரின் உராய்வு அதைத் தருகிறது. சாலையின் வெளி ஓரத்தை உயர்த்திக் கட்டினால் சாய்வும் கை கொடுக்கும். உராய்வே இல்லாமல் திரும்ப வேண்டிய சாய்வு = வேகத்தின் வர்க்கம் ÷ (ஆரம் × 9.8). இதில் நிறை வரவே இல்லை! லாரிக்கும் பைக்குக்கும் ஒரே கணக்கு.

அப்பா கொத்தனார். ஒரு ஞாயிறு காலை அவரையும் அவர் லெவல் டியூப்பையும் இழுத்துக்கொண்டு போனேன். (டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.) உள் ஓரத்தில் 20 மீட்டர் கயிறு பிடித்தோம். கயிற்றின் நடுவிலிருந்து ஓரம் 1 மீட்டர் விலகி இருந்தது. வட்டக் கணக்குப்படி ஆரம் சுமார் 50 மீட்டர். சாலை அகலம் ஐந்தரை மீட்டர், வெளி ஓரம் 11 சென்டிமீட்டர்தான் உயரம். அதாவது 2 சதவீதம்.

இந்தச் சாய்வு மட்டும் தாங்கும் வேகம் மணிக்கு 11 கி.மீ. சைக்கிள் வேகம்! சரி, அண்ணன் சொன்னது நிஜம்தான் என்று நினைத்தேன். ஆனால் இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி சமவெளியில் அதிகபட்சமே 7 சதவீதம்தான். அதற்கு மேல் சாய்த்தால் மெதுவாகப் போகும் வைக்கோல் வண்டி உள்பக்கம் கவிழ்ந்துவிடும். அந்த 7 இருந்தாலும் 21 கி.மீ.தான் வருகிறது. மிச்சமெல்லாம் உராய்வு. அங்கேயோ மணல் லாரி சிந்திய மணல், அப்பா செருப்பே வழுக்கியது.

நாற்பதில் வந்தால் தேவைப்படும் உராய்வுக் குணகம் 0.23. அறுபதில் 0.55, இரண்டு மடங்குக்கும் மேல். நோட்டை அண்ணனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அறுபதுக்கு மேலேயே இருக்கும்டா. அம்மாகிட்ட சொல்லிடாத."

அம்மா நம் பள்ளிச் சுவர் இதழைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

- பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்