கடலும் கட்டுரை ஏடும்

'நான் சென்ற கல்விச் சுற்றுலா' என்னும் தலைப்பில் வந்த கட்டுரைகளைத் திருத்தாத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இந்நாட்டில் இருக்க முடியாது. முப்பது ஏடுகளைப் புரட்டினாலும் முப்பதும் ஒன்றுபோலவே இருக்கும். கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்புவான், பறவைகள் இன்னிசை பாடும், பேருந்து புறப்படும், அனைவரும் மகிழ்ச்சிக் கடலில் மூழ்குவர், மாலையில் களைப்புடன் இல்லம் திரும்புவர். பிழை அதிகம் இராது. ஆனால், அந்தப் பிள்ளை அங்கே எதையேனும் கண்டதா என்பது மட்டும் தெரியாது. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பின்னரும் இந்த மனனக் கட்டுரை நம் வகுப்பறைகளை விட்டு அகலவில்லை.

எங்கள் தாப்பா மலையடிவார ஊர். பத்தாங் பாடாங் மாவட்டத்திற்குக் கடற்கரையே கிடையாது. கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையும் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியும் எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கம். கடலைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே சிலர் உண்டு. ராஜூலா போன்ற கப்பல்களில் வங்கக் கடலைக் கடந்து பினாங்கில் இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள்!

இந்த எண்ணத்தோடுதான் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கோலா செபெத்தாங்கிற்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டோம். பெற்றோர் சிலர் தயங்கினர். "பாரத்துல கையெழுத்துப் போட்டுடறேன் ஐயா, ஆனா, பையனுக்கு நீச்சல் தெரியாதே" என்றார் ஒரு தாயார். மிதவை அங்கி அணியாத எவரும் படகில் ஏற முடியாது என்று எடுத்துரைத்த பின்னரே அவர் மனம் அமைதியடைந்தது. அம்மாணவன் குறைநீக்கல் வகுப்பில் பயில்பவன். மூன்று வரி எழுதுவதற்குள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவான்.

கோலா செபெத்தாங் மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் நடுவே உள்ள மீனவர் ஊர். ஏறக்குறைய 40,000 ஹெக்டேர் பரப்புள்ள அக்காட்டில், முப்பது ஆண்டுச் சுழற்சி முறையில் மரம் வெட்டுவதும் மீண்டும் நடுவதுமாகப் பல தலைமுறைகளாகப் பராமரிப்பு நடைபெறுகிறது. வெட்டிய மரங்கள் அங்குள்ள சூளைகளில் கரியாகின்றன. சேற்றில் ஊன்றி நிற்கும் வேர்களின் இடையே இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அவற்றை நாடியே பெரிய மீன்களும், அம்மீன்களை நாடிக் கடல் பாலூட்டிகளும் கழிமுகத்திற்கு வருகின்றன.

தீவுகளின் இடையே வளைந்து சென்ற படகு கடல்வாயை அடைந்ததும் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். அலை படகில் மோதும் ஒலி மட்டும் கேட்டது. திடீரென்று இருபதடி தொலைவில் இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த முதுகொன்று எழுந்தது. புஸ்ஸென்று மூச்சு விட்டது, மறைந்தது. அதன் பின்னாலேயே கருஞ்சாம்பல் நிறக் குட்டியொன்று எழுந்தது. "லும்பா-லும்பா!" என்று பிள்ளைகள் கூவினர்.

"தமிழில் என்ன ஐயா?" என்று நீச்சல் தெரியாத அம்மாணவனே கேட்டான்.

'ஓங்கில்' என்றேன். ஓங்குதல் என்றால் உயர்தல். நீரிலிருந்து ஓங்கி எழுவதை எண்ணிக்கொண்டால் பெயர் மறக்காது என்றும் கூறினேன். நாங்கள் கண்டது கூன்முதுகு ஓங்கில். பிறக்கும்போது கருஞ்சாம்பல் நிறத்திலிருக்கும் அது, வளர வளர வெளிறி இளஞ்சிவப்பாகும். நீண்ட மூக்கில்லாத, உருண்டைத் தலையுடைய ஐராவதி ஓங்கிலும் அந்நீர்ப்பகுதியில் உண்டு. குட்டி இருப்பதால் அருகே செல்லலாகாது என்று படகோட்டி மலாயில் கூறினார். பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டனர்.

தமிழகக் கடலோர மீனவர் வழங்கும் சொல் அது. நம் முன்னோரில் பெரும்பாலோர் உழவுத் தொழில் சார்ந்த உள்நாட்டு ஊர்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள். வயலின் சொற்கள் அவர்களோடு வந்தன. பால்மரச் சொற்கள் இங்கே சேர்ந்தன. கடலின் சொற்கள் அவ்வளவாக வந்து சேரவில்லை. அன்று அவற்றுள் ஒன்று, உயிருள்ள பொருளோடு சேர்ந்தே எங்கள் பிள்ளைகளிடம் வந்தது.

மறுநாள் வகுப்பில் ஒரு விதியை மட்டும் கூறினேன்: கதிரவனும் மகிழ்ச்சிக் கடலும் வரக்கூடாது, கண்டதை, கேட்டதை, முகர்ந்ததை மட்டும் எழுத வேண்டும். ஒரு மாணவி, படகுகளிலிருந்து வீசப்படும் கோழித்தோலுக்காகச் செம்பருந்துகள் வட்டமிட்டதை எழுதி, "மீன் பிடிக்கத் தெரிந்த பறவைக்கு ஏன் கோழித்தோல்?" என்று வினவியிருந்தாள். நீச்சல் தெரியாத அந்த மாணவன் ஆறு வரிகள் எழுதியிருந்தான். நான்கில் எழுத்துப்பிழை. ஐந்தாம் வரி இது: "ஓங்கில் மூச்சு விட்டது, எங்கள் தாத்தா படியில் உட்காரும்போது விடும் மூச்சைப் போல் இருந்தது."

"முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லையே, எப்படிப் புள்ளி போடுவது?" என்று உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எழுத்துப்பிழையையும் கட்டுரை அமைப்பையும் அடுத்த மாதம் கற்பித்துவிடலாம். அந்த ஐந்தாம் வரியை நாம் கற்பிக்க முடியாது. அது பிறப்பதற்கு ஓர் இடத்தைக் காட்டலாம், அவ்வளவே.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறைக்கு மாதிரிக் கட்டுரை நூல் வாங்கும் முன், பிள்ளையை அருகிலுள்ள ஆற்றங்கரைக்கேனும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே காண்பவற்றின் தமிழ்ப் பெயர்களைக் கூறுங்கள். தெரியாதவற்றைக் குறித்துக்கொண்டு பள்ளிக்கு அனுப்புங்கள், ஆசிரியர்களாகிய நாங்கள் தேடித் தருகிறோம். வீடு திரும்பியதும் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். பிழை இருந்தாலும் அவை பிள்ளையின் சொந்த வரிகளாக இருக்கட்டும்.