நாக்கு என்னும் வக்கீல்

சர்க்கரை வியாதிக்காரன் குடியிருக்கக் கூடாத ஊர் ஒன்று உண்டென்றால் அது கள்ளக்குறிச்சிதான். மூங்கில்துறைப்பட்டில் ஒரு சர்க்கரை ஆலை, கச்சிராயபாளையத்தில் இன்னொன்று. அரைவைக் காலத்தில் சாலையெல்லாம் கரும்பு லாரி!

சீனியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதுமே என் நாக்கு வக்கீலாகிவிட்டது. "சீனிதானே கூடாது? வெல்லம் வேறு. கல்வராயன் மலைத் தேனோ, மருந்தல்லவா?" என்று வாதம்!

ரத்தம் பெயரைப் பார்ப்பதில்லை, ஐயா! வெல்லம், தேன், பலாச்சுளை எல்லாமே சர்க்கரையை ஏற்றிவிடும். மலையில் விளையும் சாமையும் மாவுச்சத்துதான். தவிடு நீக்காததானால் சற்று மெதுவாக ஏற்றும். அளவை மீறினால் அந்தச் சலுகையும் போச்சு.

இந்த வக்கீலை நம்பித்தான் என் தகப்பனார் ஒரு கால் விரலைப் பறிகொடுத்தார். ஆகவே, அதிரசத்தின் மேல் எனக்குள்ள ஆசையை அடியோடு தள்ளுபடி செய்ய மனம் வராவிட்டாலும், வாய்தா மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன்!