தொடாத சிலேட்டு

கெடார்ப் பக்கத்துச் சேரிதான் எனக்கு. எங்க வீட்டில் பலப்பம் பிடித்த முதல் ஆள் நான். ஒன்றாம் வகுப்பில் ஊர்த்தெருப் பிள்ளைகளின் சிலேட்டை வாத்தியார் கையில் வாங்குவார். தப்பை விரலால் அழித்து, கையைப் பிடித்து எழுதவைப்பார். எங்க சிலேட்டைத் தரையில் வைக்கணும். பிரம்பு நுனியால் தட்டி, "தப்பு, போடா" என்பார். எங்கே தப்பு, ஏன் தப்பு என்பதெல்லாம் எங்களுக்குக் கிடையாது. மூணு சுழி 'ண'வுக்கு ரெண்டு சுழி போட்டுக்கொண்டிருந்தேன் என்பது தெரியவே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு. அதுக்குள்ள 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று பேர் வந்துவிட்டது. எங்கம்மாகூட நம்பிடுச்சி.

அப்புறம் நானும் வாத்தியாரானேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளைகளோடு வாத்தியாரும் பாயில் உட்காரணும். சிலர் முணுமுணுத்தார்கள். முட்டிவலி மட்டும் காரணம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

2012-13இல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீடு வந்தது. அதுக்கு 40 மதிப்பெண், பருவக் கடைசித் தேர்வுக்கு 60. பிள்ளை கற்றுக்கொண்டிருக்கும்போதே எங்கே தடுக்குது என்று பார்த்து, நாம் சொல்லித்தருவதை மாற்றிக்கொள்ளணும் என்பதுதான் அதன் உயிர். நான் என்ன செய்தேன்? பருவக் கடைசியில் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து அந்த 40ஐ நிரப்பினேன். பதிவேடு சுத்தமாக இருந்தது.

அந்த வருசம் காலனிப் பிள்ளை ஒன்று, 42இல் 17 போனால் 35 என்று எழுதிக்கொண்டிருந்தது. எல்லாக் கணக்கிலும் இப்படித்தான். நானும் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து, "எப்படிப் போட்ட, சொல்லும்மா" என்றேன்.

"ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு. பெருசுலருந்துதான் சின்னதக் கழிக்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

சொன்னது நான்தான். மக்கு என்று நான் நினைத்த பிள்ளை, என் பேச்சை அப்படியே கேட்ட பிள்ளை. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, நாலு கட்டும் ரெண்டு குச்சியும் வைத்தேன். ஏழு எடுக்க ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னேன். அன்றைக்கே 25 வந்தது. அத்தனை நாளும் என் கையிலிருந்த சிவப்புப் பேனா அந்தப் பழைய பிரம்பு நுனிதான்.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லித்தரச் சொன்னது. நல்ல பேருதான். ஆனால் அரும்பு என்பது பிள்ளை இன்றைக்கு நிற்கிற இடம். அங்கேயே உட்காரவைத்துவிட்டால் அதுவும் ஒரு சேரிதான்.

தோழர்களே, உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் எத்தனை மார்க் என்று கேட்காதீங்க. எந்தத் தெருப் பிள்ளைகள் வருசக் கடைசி வரைக்கும் அரும்பிலேயே இருக்கிறார்கள், அவர்கள் நோட்டை யார் கையில் வாங்கிப் பார்த்தார்கள் என்று கேளுங்க.