மஞ்சள் பையில் இருக்கும் அரசு

குர்லா தமிழர்கள் பலருக்கு எல்லாமே 'சர்க்கார்'தான். குழாயில் தண்ணீர் வராவிட்டால் சர்க்கார் சரியில்லை. குடிசையை இடிக்க வருபவர் சர்க்கார் ஆள். கைகூப்பி ஓட்டுக் கேட்பவரும் சர்க்கார். ஆனால், வீட்டுக் காகிதங்களைப் பத்திரப்படுத்தும்போது மட்டும் அவர்கள் துல்லியமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். வாக்குறுதி தருவது அரசியல். உத்தரவு போடுவது அரசாங்கம். போட்டவர் பதவி இழந்த பிறகும் அந்த உத்தரவுக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு.

மித்தி ஆற்றங்கரைக் குடிசையில் வாழும் பெரியவர் ஒருவர் இதை அனுபவித்தே தெரிந்துகொண்டார். அவர் திருநெல்வேலியிலிருந்து வந்தது 1978ல். இரண்டு வருடம் தாமதம். 1976 ஜனவரியில், அவசரநிலைக் காலத்தில், மகாராஷ்டிர அரசாங்கம் பம்பாய்க் குடிசைகளைக் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுத்திருந்தது. அட்டை வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் அவர் கண்ணுக்கு ஜமீன்தாராகத் தெரிந்தார்.

அந்த அட்டையின் மதிப்பு பிறகுதான் புரிந்தது. 1981 ஜூலையில் முதல்வர் ஏ.ஆர்.அந்துலே, நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கே அனுப்பப்போவதாக அறிவித்தார். சேலத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளியின் குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தோடு அவரை சேலத்துக்கு பஸ் ஏற்றினார்கள். அவர் திரும்பி வந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

1982 ஜனவரியில் அந்துலே பதவி விலகினார். வழக்கு விலகவில்லை. அரசியல் சட்டத்தின் 12வது பிரிவு, 'அரசு' என்ற சொல்லுக்குள் நாடாளுமன்றம், சட்டமன்றம், அரசாங்கம், மாநகராட்சி எல்லாவற்றையும் அடக்குகிறது. அடிப்படை உரிமைகளை யாரிடம் கேட்பது என்பதற்கான விலாசம் அது. முதல்வர் மாறினாலும் விலாசம் மாறாது.

1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்றார்கள் நீதிபதிகள். ஆனால், நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை. முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம். மழைக்காலம் கருதி அக்டோபர் 31 வரை மட்டும் அவகாசம். 1976 கணக்கெடுப்பில் வந்தவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும். ஒரு அரசாங்கம் கொடுத்த அட்டை, பின்னால் வந்த அரசாங்கங்களைக் கட்டிப்போட்டது.

இன்னொரு வேடிக்கை 1995ல் நடந்தது. தென்னிந்தியர்களுக்கு எதிராகக் குரல் எழுப்பி 1966ல் பிறந்த சிவசேனா, பா.ஜ.க.வுடன் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தது. குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்ற அதன் திட்டத்துக்கு வைத்த கெடு: 1.1.1995 வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இருந்தால் போதும், தாய்மொழி கேட்கப்படவில்லை. திருநெல்வேலிப் பெரியவரின் பெயர் இருந்தது.

மான்குர்டில் குடிசை போட்ட அவருடைய மச்சானுக்கு அந்த யோகம் இல்லை. அவர் வந்தது 1997ல். 2004 தேர்தலில், 2000 வரை வந்த குடிசைகளுக்கு அங்கீகாரம் என்று காங்கிரஸ் வாக்குறுதி தந்தது. மச்சான் சந்தோஷமாகப் பிரசாரத்துக்குப் போனார். அந்தக் கூட்டணியே ஜெயித்தது. அந்தக் குளிர்காலத்திலேயே புல்டோசர்கள் கிளம்பி, 1995க்குப் பிந்தைய குடிசைகளை ஆயிரக்கணக்கில் தரைமட்டமாக்கின. மேடையில் பேசியது அரசியல். புல்டோசரை அனுப்பியது அரசாங்கம். கட்சி ஒன்றுதான். ஆனால் சட்டப் புத்தகத்தில் இருந்த தேதி 1995.

சில மாதங்களில், 2005 ஜூலை 26 அன்று, சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி குர்லாவுக்குள் புகுந்தது. பெரியவர் இடுப்பளவு தண்ணீரில் மஞ்சள் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல், கரண்ட் பில்.

"அரிசியை விட்டுட்டு இதைத் தூக்கிட்டு நிக்கியளே?" என்றார் மனைவி.

"அரிசி நாளைக்கும் வாங்கிக்கிடலாம். இது போச்சுன்னா, நாம இங்க இருந்ததே இல்லன்னு ஆயிரும்."

அரசின் நியாயம், கொடூரம் இரண்டுமே இதில் இருக்கின்றன. காகிதம் இருந்தால் அது முகத்தைப் பார்ப்பதில்லை. காகிதம் இல்லாவிட்டாலும் பார்ப்பதில்லை. கெடு தேதி தானாக நகர்வதும் இல்லை. ஊர்வலமும் ஓட்டும் சேர்ந்து தள்ளினால்தான் நகரும். அப்படித்தான் 2014ல் சட்டம் 2000க்கு வந்தது. அதற்குள் மச்சான் ஊர் திரும்பியிருந்தார். இடித்துப்போட்ட குடிசைக்கு எந்தத் தேதியும் உதவாது.

இப்போதும் தேர்தல் வந்தால் பெரியவர் ஊர்வலம் போகிறார், ஓட்டும் போடுகிறார். அரசியலை அவர் வெறுக்கவில்லை. அது இல்லாமல் காகிதம் வராது என்று தெரியும். வாக்குறுதிகளை அடுக்கும் கட்சிக்காரரிடம் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்கிறார்:

"எல்லாம் சரி தம்பி, ஜி.ஆர். வந்தாச்சா?"