குழாயில் வடிந்த நீர்

மானிப்பாயிற் பிறந்த எமக்குக் கிறீன் வைத்தியரின் பெயர் பாட்டன் பெயரைப் போன்றது. அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், எம்மூரில் இருந்து மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். 1867 இல் 'இரணவைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டவர். நோயாளியின் மொழியில் மருத்துவம் பேசவேண்டும் என்று அவர் கொண்ட பிடிவாதத்தைப் புகழ்ந்து பாடசாலை நாட்களில் நானும் மேடையேறி முழங்கியிருக்கிறேன். முழங்கியதன் பொருள் விளங்கியது சென்ற ஆண்டு, ஐயாவின் கட்டிலருகில்.

ஐயாவின் இரைப்பையிற் புற்றுநோய் கண்டிருந்தது. வேறோர் ஊரின் பெரிய வைத்தியசாலையொன்றில் இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றினார்கள். மறுநாட் காலை சத்திரசிகிச்சை நிபுணர் என்னிடம் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சொன்னார். வடிகுழாயில் வந்த நீரில் அமிலேசு கூடுதலாக இருக்கிறது, சதையி கசியக்கூடும், கசியாமலும் விடலாம், குழாயை இப்போது எடுக்கமாட்டோம். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றார்.

விறாந்தையில் அம்மா காத்திருந்தார்.

"என்ன சொன்னவர் தம்பி?"

"குழாய் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமாம். வேறொன்றுமில்லை அம்மா."

ஆண்கள் வாட்டில் இரவிற் துணையிருக்க ஆண்களுக்கே அனுமதி. அதற்காக வந்திருந்த மாமாவை, ஒன்றுமில்லை என்ற என் சொல்லை நம்பி அம்மா மானிப்பாய்க்கு அனுப்பிவைத்தார். மூன்றாம் நாள் நானும் பரீட்சைக்கென்று பல்கலைக்கழகம் திரும்பினேன்.

விடுதியில் அன்றிரவு படித்தது பரீட்சைக்குரியதன்று. எமது பாடநூல்கள் சதையி என்பதையே தமிழகத்தார் கணையம் என்பர். இரைப்பைக்குப் பின்னே படுத்திருக்கும் உறுப்பு அது. புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும் நொதியங்களைச் சுரப்பது. புற்றுநோய் பரவக்கூடிய நிணநீர்க் கணுக்கள் அதன் மேல்விளிம்பை ஒட்டிச் செல்லும் நாடிகளைச் சூழ்ந்திருப்பதால், அவற்றை முற்றாகக் களையப் புகும் கை சதையியைத் தொடாமல் மீள்வது அரிது. சற்று அழுந்தினாலும், கருவியின் சூடு பட்டாலும் சாறு கசியலாம். கசிந்த சாறு அயலிலுள்ள தசையையே சமிபாடடையச் செய்யும், சீழ் கட்டும், நாடியின் சுவரை அரித்தால் குருதி பெருகி உயிருக்கே ஆபத்து நேரும். நோயை வேரோடு களையும் முயற்சியே இக்கேட்டுக்கும் வாயிலாகிறது என்பதுதான் என்னை வாட்டியது.

வியன்னாவில் பில்றொத் 1881 ஜனவரி 29 இல் ஒரு பெண்ணின் இரைப்பையில் புற்றுநோயுற்ற பகுதியை அகற்றிப் பிழைக்கவைத்தார். இத்தகைய சத்திரசிகிச்சையில் உயிர் தப்பிய முதல் நோயாளி அவர். எனினும் நான்கு மாதங்களுக்குள் அதே நோயால் இறந்தார். 'இரணவைத்தியம்' வெளிவந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது அது. இன்று வினா வேறு. யாருக்குக் கசியும் என்று முன்கூட்டி அறிய முடியுமா? ஆண்களுக்கும் வயிற்றினுட் கொழுப்பு மிகுந்தவர்க்கும் வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். முதல் நாளே வடிநீரின் அமிலேசை அளக்கிறார்கள். சதையி வைத்தியர்களின் சர்வதேசக் குழுவொன்று 2005 இல் ஓர் எல்லை வகுத்தது: மூன்றாம் நாளிலோ அதன் பின்னரோ வடிநீரின் அமிலேசு, குருதியின் இயல்பான உச்ச அளவைப்போல மும்மடங்குக்கு மேலிருப்பின் அது கசிவு. 2016 இல் அதே குழு, எண் மட்டும் போதாது, நோயாளியின் நிலையை அது பாதித்திருக்கவும் வேண்டும் என்று திருத்தியது. முதல் நாள் எண்ணில் ஒரு விந்தையுண்டு. அது குறைந்திருந்தால் பெரும்பாலும் அச்சமின்றி இருக்கலாம். உயர்ந்திருந்தாலோ, உயர்ந்தவர்களிற் பலருக்குத் தீங்கு எதுவும் நேர்வதில்லை. ஆக, அது ஆறுதல் சொல்வதிற் கெட்டி, எச்சரிப்பதிற் தடுமாறுவது. நிபுணர் எனக்குச் சொன்னது தயக்கமன்று, துல்லியம். அந்தத் துல்லியத்தைத்தான் நான் விறாந்தையிற் கைவிட்டேன்.

ஐந்தாம் நாள் இரவு ஐயாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அருகில் எவருமில்லை. பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகன்தான் தாதியை அழைத்திருக்கிறார்.

ஓடிச்சென்ற என்னைப் பார்த்து அம்மா கேட்டது ஒன்றுதான். "உனக்கு முதலே தெரியுமோ?"

பயப்படுவீர்கள் என்று நினைத்தேன் என்றேன். "பயந்திருப்பன்தான். ஆனால் தம்பியை அனுப்பியிருக்கமாட்டன்" என்றார். பயப்படவும் ஆயத்தமாகவும் ஒருவராலேயே முடியும் என்பது கலைப்பீடத்தில் மூன்றாண்டு படித்த எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் விறாந்தை வாங்கில் அமர்ந்து எல்லாவற்றையும் தமிழிற் சொன்னேன். நொதியம் என்ற சொல்லில் நான் இடறி நின்றபோது அம்மாவே கேட்டார்: "முற்றின இறைச்சிக்குப் பப்பாசிக்காய் போட்டு அவிக்கிறமே, அதைப் போலவோ?" அதுவேதான். பப்பாசிப் பாலிலுள்ளதும் புரதத்தைக் கரைக்கும் நொதியமே. நான் தேடி அலைந்த உவமை எங்கள் குசினியிற் கிடந்தது.

நுண்ணுயிர்கொல்லி மருந்து ஏற்றினார்கள், ஸ்கான் எடுத்தார்கள், குழாய் உள்ளே இருந்தபடியாற் சாறு தேங்காமல் வெளியே வடிந்தது, இன்னொரு முறை வயிற்றைத் திறக்க நேரவில்லை. மாமா திரும்பி வந்தார். அம்மா வீட்டுக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், நாளொன்றுக்கு எத்தனை மில்லிலீற்றர் வடிந்தது, நிறம் என்ன என்று எழுதிவைக்கத் தொடங்கினார். நிபுணர் ஒருநாள் அக்கொப்பியை வாங்கிப் பார்த்து, அதன்பின் காலையில் அம்மாவிடமே, தமிழில், கணக்குக் கேட்டார்.

குழாய் இருபத்திரண்டாம் நாள் எடுக்கப்பட்டது. கொப்பியில் அதற்கு அடுத்த வரி, மானிப்பாய்க்கு வந்த வான் கூலி.