அழிப்பதற்கு முன் விசாரியுங்கள்

வீட்டுக் கணினியில் விண்டோஸ் 11 நிறுவ முற்பட்டபோது, இந்த வட்டில் நிறுவ இயலாது என்ற அறிவிப்புடன் பணி நின்றுபோனது. நிறுவல் பென்டிரைவ் யூ.இ.எஃப்.ஐ. முறையில் இயங்கியது; அம்முறைக்கு வட்டு ஜி.பி.டி. அமைப்பில் இருத்தல் வேண்டும். எங்கள் வட்டோ பழைய எம்.பி.ஆர். அமைப்பிலானது.

வட்டை முழுவதும் அழித்துவிட்டால் உடனே நிறுவலாம் என்றார் உதவ வந்த தம்பி. அது உண்மையே. ஆயினும் மர்ஹூம் அத்தா ஓதிய யாசீன் சூராவின் ஒலிப்பதிவு அவ்வட்டில் மட்டுமே இருந்தது.

வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. விசாரியாமல் செயல்பட்டால் பின்னர் வருந்த நேரும் என்றும் எச்சரிக்கிறது. திரையில் தோன்றும் அறிவிப்பும் ஒரு செய்தியே. இந்த வட்டின் அமைப்பு பொருந்தவில்லை என்றுதான் அது சொன்னது. உள்ளிருப்பவற்றை அழி என்று சொல்லவில்லை.

ஆகவே, உபுண்டுவை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே இயக்கி, கோப்புகளை வெளிவட்டில் பிரதியெடுத்தோம். அத்தாவின் குரலை முழுவதும் கேட்டு உறுதிசெய்தோம். அதன் பின்னரே பழைய விண்டோஸ் 10இல் உள்ள எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. கருவியால், தரவை அழிக்காமல் வட்டின் அமைப்பை மாற்றினோம், பயாஸிலும் யூ.இ.எஃப்.ஐ. முறையைத் தேர்ந்தோம். நிறுவல் நிறைவுற்றது, அல்ஹம்துலில்லாஹ்.

குடும்பத்தின் அமானிதம் ஒரே வட்டில் இருத்தலாகாது. இப்போது அந்த ஒலிப்பதிவின் ஒரு பிரதி தங்கையின் வீட்டிலும் இருக்கிறது.